பதினோரு காலிக் கட்டங்கள்

அத்தியாயம் 7

கதவு மூடிய சத்தம் கேட்டபோது கண்டக்டர் தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த விநாடி விளக்கு அணைந்தது. பாதிச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“அண்ணி, கரண்ட் போயிடுச்சா?”

“கரண்ட் எங்கயும் போகலை தம்பி. நாமதான் போக முடியாது போலிருக்கு. கதவைத் தள்ளிப் பாருங்க.”

தள்ளினார். தோளால் இடித்தார். காலால் உதைத்து, காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நொண்டினார். கதவு அசைந்துகொடுக்கவில்லை. அது அந்த மருந்துக் கிடங்கின் நாலாம் நம்பர் அறை. ஒரு காலத்தில் குளிர் அறை. இயந்திரம் செத்த பிறகு பழைய காகிதக் கட்டுகளைக் கொண்டுவந்து போடும் இடமாகிவிட்டது. ஜன்னல் கிடையாது. சுவர்கள் ஒரு முழம் கனம். விளக்கின் சுவிட்ச் வெளியே. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் மிச்சம். செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

பத்தொன்பது வருடம் பஸ் படிக்கட்டில் நின்று காற்று வாங்கிய மனிதர் அவர். பஸ் கம்பெனியை மூடியதும், அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் ஆபீசில் உதவியாளராக வந்து சேர்ந்தார். வேலை மாறியது, கண்டக்டர் என்ற பெயர் மாறவில்லை. மூடிய இடம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. லிஃப்டில் ஏறமாட்டார். அவரைப் போய் இந்தப் பெட்டிக்குள் அடைத்தால் என்ன ஆவார்? சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“மேனேஜர் வேணும்னே பூட்டிட்டாரா அண்ணி? ‘டீ சொல்லி அனுப்பறேன்’னுதானே போனார்?”

“டீ அனுப்பறவர் சுவிட்சை அணைச்சிட்டுப் போவாரா? இருட்டுல டீ குடிக்கற பழக்கம் எனக்கில்லையே.” அண்ணி தன் செல்போன் டார்ச்சை எரியவிட்டு, ஒரு காகிதக் கட்டின்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். “மணி பன்னெண்டு இருபது. மூணு மணிக்கு விசாரணை. அது முடிஞ்சதும் வந்து திறந்துவிட்டு, ‘அடடா, கதவு தானா மூடிக்கிச்சா’ன்னு கேப்பார் பாருங்க.”

அந்த விசாரணை என்னவென்று சொல்லிவிட வேண்டும். போன மாதம் பத்தொன்பதாம் தேதி பகலில் இரண்டாம் குளிர் அறையின் கதவை யாரோ வெகுநேரம் திறந்து போட்டுவிட்டார்கள். ஓர் அலமாரி நிறைய தடுப்பு மருந்து வீணாகிவிட்டது. அந்த நேரத்தில் சாவிக்கொத்து பதினேழாம் நம்பர் ஊழியரிடம் இருந்தது, அதாவது ஸ்டோர்கீப்பர் பெண்ணிடம் இருந்தது, என்று ஓர் அறிக்கை அடித்துச் சொன்னது. ‘என் கவனக்குறைவுதான்’ என்று அவள் மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை போகும், போடாவிட்டால் போலீஸ் வரும் என்று மேலாளர் அவளுக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

அந்த அறிக்கையை எழுதிய புண்ணியவான் யார்? சாட்சாத் நம் கண்டக்டரேதான்!

ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போய்ப் புள்ளிவிவர மென்பொருள் கற்றுக்கொண்டிருந்தார். தாறுமாறாகக் கிடக்கும் அட்டவணையை ஒழுங்குபடுத்துவது, பக்கவாட்டில் பரந்து கிடப்பதை மேலிருந்து கீழாக நீட்டி அடுக்குவது, காலிக் கட்டங்களை நிரப்புவது எல்லாம் அத்துப்படி. சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். மேலாளர் டைப் செய்து அனுப்பிய சாவி ரெஜிஸ்டரை நாலே வரி ஆணையில் சீர்செய்து கொடுத்தார். அண்ணி வேறு வழக்கில் வெளியே போயிருந்த வாரம் அது. திரும்பி வந்து அறிக்கையைப் படித்த அண்ணிதான் புருவத்தைச் சுருக்கினார்.

“இந்தப் பொண்ணு சில நாள் தொடர்ந்து ஏழு மணி நேரம் சாவியைக் கையிலேயே வச்சிருந்திருக்கா. சாப்பிடக்கூடப் போகலையா? அசல் ரெஜிஸ்டரைப் பார்க்கணும்.”

அப்படித்தான் இன்று வந்தார்கள். வந்த இடத்தில் அண்ணியின் முட்டி வலி எடுத்துக்கொண்டது. ஸ்டோர்கீப்பர் பெண்தான் ஓடிப்போய்க் குளிர் அறையிலிருந்து ஒரு ஐஸ் பேக் கொண்டுவந்து, தன் துண்டைச் சுற்றி முட்டியில் கட்டிவிட்டாள்.

“மருந்து அலமாரியில இதை வைக்கவே மாட்டோம்மா. மருந்து சூடானாலும் கொஞ்சம் தாங்கும், உறைஞ்சா அவ்வளவுதான். ரெண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினா வாசல்ல அலாரம் கத்தும். சூட்டு அலாரத்தை அமுக்கி வைக்கலாம், அதை யாராலயும் அமுக்க முடியாது.”

பிறகு கண்டக்டரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

“சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்னுதான் சார் எனக்கு ஞாபகம். ஆனா கம்ப்யூட்டர் இல்லைங்குதே. அது பொய் சொல்லுமா? நான்தான் மறந்திருப்பேனோன்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை.”

அந்த வார்த்தை அப்போதிருந்தே அவரைக் குடைந்துகொண்டிருந்தது. மேலாளர் வேறு பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். “ரெண்டாவது வாரம் முழுக்க நான் வெளியூர்ல பயிற்சியில இருந்தேன். எட்டாம் தேதியிலேருந்து பதினாலு வரை. நான் இல்லாத பழக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு. யாருக்கும் பொறுப்பே இல்லை” என்று சொல்லியபடியே வாசலில் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு இந்த அறைக்குக் கூட்டி வந்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் தெரியுமே.

“உக்காந்து அழறதுக்கு ரெண்டரை மணி நேரம் இருக்கு தம்பி. தேடறதுக்கும் அதே ரெண்டரை மணி நேரம்தான். எது வேணும்?”

“அழுதுகிட்டே தேடறேன் அண்ணி.”

தேடினார்கள். கட்டுக்குக் கட்டு தூசி. காற்று கனத்துக்கொண்டே வந்தது. கண்டக்டருக்குச் சுவர்கள் ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு விரற்கடை நெருங்கி வருவதாகத் தோன்றியது. ஒன்றேகால் மணிக்கு அண்ணி ஒரு கட்டைத் தட்டி நீட்டினார். போன மாதத்து ரெஜிஸ்டர்!

பெரிய தாள்கள். இடது ஓரத்தில் மணி, மேலே தேதி. ஒவ்வொரு மணிக்கும் சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறதோ அவருடைய நம்பரை வாசல் வாட்ச்மேன் எழுதுவார். சாவி பெட்டியிலேயே இருந்தால் பெருக்கல் குறி. கண்டக்டர் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார்.

“அண்ணி... இதென்ன, சின்னதா ரெண்டு கோடு?”

“மேற்படிக் குறி. மேலே எழுதின ஆள்கிட்டயே சாவி இருக்குன்னு அர்த்தம். ஏன்?”

“எனக்கு வந்த ஃபைல்ல இந்தக் கோடே இல்லையே! கோடு இருந்த இடமும் காலி, நிஜமாவே காலியா இருக்கற இடமும் காலி. எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ‘காலியா இருந்தா மேலே இருக்கறவரேதான், நிரப்பிடுங்க, பார்க்க நீட்டா இருக்கும்’னு மேனேஜர் போன்ல சொன்னார். நானும் நிரப்புன்னு ஒரு ஆணை கொடுத்தேன். மேலே இருந்த நம்பர் கடகடன்னு கீழே இறங்கி எல்லாக் கட்டத்திலயும் உக்காந்துக்கிச்சு.”

அண்ணி பத்தொன்பதாம் தேதியில் விரல் வைத்தார். பதினோரு மணிக் கட்டத்தில் 17. பன்னிரண்டு மணி, காலி. ஒரு மணி, காலி. கோடும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை, ஒன்றும் இல்லை.

கண்டக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் அண்ணி. அந்தப் பொண்ணு பேரை அந்தக் கட்டத்துல எழுதினது நான். வாட்ச்மேன் எழுதாததை நான் எழுதிட்டேன். ‘நிரப்பறதுக்கு முன்னாடி ஏன் காலியா இருக்குன்னு கேளுங்க’ன்னு வகுப்புல டீச்சர் தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. நான் அப்ப மணி எத்தனைன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்கெல்லாம் எதுக்கு சர்டிஃபிகேட்? கழட்டிப் போடணும்.”

“வீட்டுக்குப் போனாத்தானே கழட்ட முடியும். இப்பக் கேளுங்க, ஏன் காலி?”

“மறந்திருப்பார்.”

“இந்த வாட்ச்மேனா? மூணு மணிக்கு மழைன்னு ஓரத்துல எழுதி வச்சிருக்கார். பதினஞ்சாம் தேதி பேனா லீக்குன்னு எழுதி வச்சிருக்கார். இவரா மறப்பார்?”

கண்டக்டர் காலிக் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டார். இருட்டில் அந்தச் சத்தம் பலமாகவே கேட்டது.

“அண்ணி! எங்க பஸ்ல டிப்போ மேனேஜர் ஏறுவார். முன் சீட்ல உக்காருவார். பஸ்ல எண்ணினா நாப்பத்தொரு தலை, என் தாள்ல நாப்பது. அந்த ஒரு தலை கணக்குலயே வராது. அவருக்குப் போய் யாராவது டிக்கெட் கிழிப்பாங்களா? ‘நீங்க யார், எங்க ஏறினீங்க’ன்னு கேக்க முடியுமா? அவர் ஏறினதுக்கு அடையாளமே எதுவும் எழுதாததுதான்!”

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். பாராட்டுவது அவர் வழக்கமில்லை. “லேப்டாப்ல சார்ஜ் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார்.

பத்தொன்பது சதவீதம். கண்டக்டர் அதைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். மாதம் முழுக்க உண்மையான காலிக் கட்டங்களை அண்ணி விரல் விட்டு எண்ணினார். மொத்தம் பதினொன்று. அந்தப் பதினோரு இடத்தில் மட்டும் ‘காலி’ என்றே எழுதினார் கண்டக்டர். கோடு போட்ட இடங்களை மட்டும் நிரப்பச் சொன்னார். பிறகு, தேதிகள் பக்கவாட்டில் பரந்து கிடந்த தாளை ஒரு வரிக்கு ஒரு மணி நேரமாக நீட்டினார். ரெஜிஸ்டரோடு மேலாளர் அனுப்பியிருந்த அறைகளின் வெப்பநிலை அட்டவணையையும் அப்படியே நீட்டிப் பக்கத்தில் ஒட்டவைத்தார். வியர்வை கீபோர்டில் சொட்டியது. பன்னிரண்டு சதவீதம்.

“‘காலி’ன்னு இருக்கற வரியை மட்டும் எடுங்க.”

பதினோரு வரிகள் திரையில் வந்து நின்றன. பதினொன்றிலும் இரண்டாம் அறையின் சூடு ஏறியிருந்தது. மற்ற நேரங்களில் நாலு, ஐந்து டிகிரி. இந்த வரிகளில் மட்டும் எட்டு, ஒன்பது, பத்து. பத்தொன்பதாம் தேதி பதினாலு.

“கதவைத் திறந்து வச்சுப் பெட்டி பெட்டியா மருந்தைத் திருட்டுத்தனமா வெளியே ஏத்தியிருக்கார்” என்றார் அண்ணி. “பத்தொன்பதாம் தேதி ரொம்ப நேரமாகிப் போச்சு. மருந்து கெட்டதும் ஒரு ஆள் தேவைப்பட்டது. இப்ப தேதியைப் பாருங்க.”

கண்டக்டர் வாய்விட்டுப் படித்தார். “ரெண்டு, மூணு, ஆறு, ஏழு... அடுத்தது பதினஞ்சு.”

“எட்டிலேருந்து பதினாலு வரை?”

“ஒண்ணுகூட இல்லை.”

“அந்த வாரம் பயிற்சிக்குப் போயிருந்தது யாரு?”

மேலாளர் தன் வாயாலேயே சொன்னதுதான்! கண்டக்டர் துள்ளி எழுந்தார். கதவு ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார். இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோஜனம்? மணி இரண்டு நாற்பது. ஆவேசம் தாங்காமல் போய்க் கதவைக் கைமுட்டியால் குத்தினார். “திறங்கடா!” என்று கத்தினார். அவர் குரல் அவர் காதிலேயே வந்து விழுந்தது. அந்த நேரத்தில் அந்தப் பெண் பேனாவைத் தேடிக்கொண்டிருப்பாள். தான் செய்யாததைத் தானே செய்ததாக நம்பிக் கையெழுத்துப் போடப்போகிறாள்.

“பூட்டினவர் இந்தத் தாளையும் இங்கேயே விட்டுட்டுப் போயிருக்காரே அண்ணி, எவ்வளவு திமிர்!”

“இதுல அவர் பேரே இல்லையே. அவருக்கு என்ன பயம்? தம்பி, அந்த வெப்பநிலை அட்டவணையில எத்தனை அறை?”

“மூணு.” கொஞ்சம் தயங்கினார். “நாலு வந்தது. நாலாவதுல மாசம் முழுக்க முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு. அர்த்தமில்லாத குப்பைன்னு நான்தான் தூக்கி எறிஞ்சேன்.”

“நாம உக்காந்திருக்கற இந்த ரூம் நம்பர் என்ன?”

கண்டக்டர் டார்ச்சைச் சுவர் முழுக்க ஓட்டினார். அலமாரிக்குப் பின்னால், கூரைக்கு ஒரு முழம் கீழே, ஒயரோடு ஒரு மெல்லிய எஃகுக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. இயந்திரம் செத்தாலும் சென்சார் சாகவில்லை! இரவும் பகலும் இந்த அறையின் சூட்டை வாசலுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

“சூட்டு அலாரத்தை என்னைக்கோ அமுக்கியிருப்பாங்க. ஆனா ரெண்டு டிகிரிக்குக் கீழே போனா யாராலயும் அமுக்க முடியாதுன்னு...” என்று ஆரம்பித்தவர் அண்ணியின் முட்டியைப் பார்த்தார்.

அண்ணி அதற்குள் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் பேக் முக்கால்வாசி உருகி, நடுவில் ஒரு கட்டி மட்டும் உறைந்திருந்தது. கண்டக்டர் காகிதக் கட்டுகளை அடுக்கி மேலே ஏறி, குச்சியை அந்தக் கட்டியில் சொருகினாற்போல் வைத்துத் துண்டால் இறுக்கிச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல்கள் மரத்துப்போயின. மடிக்கணினி இருட்டாகிச் செத்தது. பதினோரு கட்டங்களின் தேதிகளையும் வெப்பநிலைகளையும் அண்ணி முன்பே ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார்.

“கை போகுது அண்ணி.”

“டிக்கெட் கிழிச்ச கைதானே, தாங்கும். விடாதீங்க.”

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தொலைவில் ஏதோ கிணுகிணுத்தது. பிறகு கிடங்கு முழுக்க அலறியது!

கதவு திறந்ததும் வெளிச்சத்தில் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு திகைத்து நின்றார். “நாலாம் நம்பர் உறையுதுன்னு கத்துது! அது செத்துப் பல வருஷம் ஆச்சே!”

“கூட வாங்க அண்ணே, ரெஜிஸ்டரையும் எடுத்துக்கிட்டு!” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தபடி ஓடினார் கண்டக்டர். அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

விசாரணை அறையில் ஸ்டோர்கீப்பர் பெண்ணின் கையில் பேனா இருந்தது. தாளின்மேல் முனை பட்டிருந்தது.

“போடாதம்மா! கையெழுத்துப் போடாதே!” கண்டக்டர் வாசலிலிருந்தே கத்தினார்.

மேலாளர் எழுந்தார். “அடடா, கதவு தானா மூடிக்கிச்சா?”

“ஆமா. சுவிட்சும் தானா அணைஞ்சிடுச்சு” என்றார் அண்ணி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

விசாரணைக் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “யார் நீங்கள்லாம்?”

“அந்த அறிக்கையை எழுதினவன் நான்தாங்க” என்றார் கண்டக்டர். மூச்சு வாங்கியது. “அது தப்பு. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலை, நான் பண்ணினேன். தாள்ல காலியா இருந்த இடத்துல இந்தம்மா நம்பரை நிரப்பினது நான். இவங்க எதையும் மறக்கலை.”

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள்.

அண்ணி பதினோரு காலிக் கட்டங்களையும், பதினோரு வெப்பநிலைகளையும், எட்டுக்கும் பதினாலுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாததையும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். மேலாளர் சிரித்தார்.

“காலின்னா காலிதான். அதுல எங்கேயாவது என் பேர் இருக்கா? காட்டுங்க பார்ப்போம்.”

கண்டக்டர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். பஸ்ஸில் சில்லறை கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். “அண்ணே, இந்தம்மா சாவி கேட்டா என்ன எழுதுவீங்க?”

“பதினேழு.”

“லோடு ஏத்தறவர் கேட்டா?”

“இருபத்திரண்டு.”

“மேனேஜர் கேட்டா?”

“அவருக்கு எதுக்கு சார் எழுதணும்? மேனேஜராச்சே! அவர்கிட்டப் போய் நம்பர் கேக்க முடியுமா? அப்படியே விட்டுடுவேன்” என்றார் வாட்ச்மேன், இது தெரியாதா என்பது போல.

மேலாளரின் சிரிப்பு நின்றது.

“இன்னைக்குத் தாளை எடுங்க” என்றார் தலைவி. வாட்ச்மேன் பிரித்துக் காட்டினார். பதினோரு மணிக்குப் பெருக்கல் குறி. பன்னிரண்டு மணிக் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது. “பன்னெண்டு மணிக்குச் சாவியை வாங்கினது யாரு?”

வாட்ச்மேன் மேலாளரைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். “மேனேஜர்தாம்மா.”

“அப்ப எழுதுங்க.”

அவர் சட்டைப்பையைத் தடவினார். அவசரத்தில் பேனாவை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “அவர் நம்பர் என்னன்னுகூட எனக்குத் தெரியாதேம்மா. இதுவரைக்கும் எழுதினதே இல்லை.”

ஸ்டோர்கீப்பர் பெண் எழுந்து வந்தாள். கையெழுத்துப் போடுவதற்காகத் தனக்குக் கொடுத்த பேனாவை அவரிடம் நீட்டினாள்.

“ஒண்ணு” என்றாள்.

வாட்ச்மேன் அந்தக் கட்டத்தில் 1 என்று எழுதினார்.